மிளகாய்க்கு இரண்டு கணக்கு

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பேசும்போது விட்டுப்போன சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன். நேரம் போதாமல் அவசரமாகச் சொன்ன சிலவற்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லியிருக்கிறேன். அன்று வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.



"மிளகாயைப் பற்றி அரை மணி நேரம் பேச என்ன சார் இருக்கிறது? காரம், அவ்வளவுதானே?" என்று கூட்டத்துக்கு வரும் வழியில் படிக்கட்டிலேயே ஒரு நண்பர் கேட்டார். நானும் முப்பது வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டில் மிளகாய் வாங்குவது என் வேலை. கடைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அதை வாங்கி வருவேன். சிவப்பாக இருந்தால் நல்ல மிளகாய் என்பதே என் அறிவு. படித்தது பி.காம்., பார்த்தது வங்கி குமாஸ்தா வேலை. செடிக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது.

அதை மாற்றியது ஒரு மாற்றல் உத்தரவு. தொண்ணூறுகளில் என்னை ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிளைக்கு அனுப்பினார்கள். ஊரின் பெயர் வேண்டாம். முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி, நயினார்கோவில் பக்கம் போயிருப்பவர்களுக்கு அந்த நிலம் தெரியும். கண்மாய் நிறைந்தால் நெல், மற்றபடி வானத்தைப் பார்த்த மானாவாரி. அந்த மானாவாரியில்தான் குண்டு மிளகாய் விளைகிறது. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைப்பார்கள். நாற்று விட்டுப் பறித்து நடுவதெல்லாம் பெரும்பாலும் இல்லை, நேரே நிலத்தில் விதைதான். தை மாசியில் பழம் பறிக்கத் தொடங்கினால் பங்குனி, சித்திரை வரை போகும். பறித்த பழத்தைக் களத்தில் பரப்பிக் காயப் போடுவார்கள். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சிவப்பு ஜமக்காளம் விரித்தது போல இருக்கும். அந்த நாட்களில் கிளைக்குள் உட்கார்ந்திருந்தாலும் தும்மல் வரும்.

அங்கே மிளகாயை யாரும் மிளகாய் என்று சொல்ல மாட்டார்கள். காய்ந்துவிட்டால் அது வத்தல். "வத்தல் என்ன வெலை போகுது?" என்பதுதான் டீக்கடைப் பேச்சு. அந்தப் பழக்கத்தில், மறுபடி சென்னைக்கு மாற்றலாகி வந்ததும் மளிகைக் கடையில் "கால் கிலோ வத்தல்" என்று கேட்டேன். பையன் சுண்டைக்காய் வற்றலைக் கட்டிக் கொடுத்துவிட்டான். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

கிளையில் என் மேசை நகைக்கடன் மேசை. விதைப்புக்கு முன் நகை வரும், வத்தல் விற்றதும் நகை போகும். வருடா வருடம் இதே சுற்று. ஒரு வருடம் மாசி மாதம், பழம் களத்தில் கிடக்கும்போது இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டது. நகரத்தில் இருப்பவர்களுக்கு மாசி மழை என்றால் குளுமை. அங்கே அது பேரிடி. நனைந்த வத்தல் மறுபடி காய்ந்தாலும் பழைய சிவப்பு திரும்பாது. திட்டுத் திட்டாக வெளுத்துப் போகும். சண்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். நல்ல வத்தலின் விலைக்கு அது பக்கத்தில்கூட வராது.

அந்த வருடம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா என் மேசைக்கு வந்தார். தவணை தாண்டிய சங்கிலி. புடவைத் தலைப்பில் ஒரு கை வத்தலை முடிந்து கொண்டுவந்திருந்தார். மேசை மேல் கொட்டினார். பாதி வெளுப்பு.

"ஐயா, நெறந்தான போச்சு. கடிச்சுப் பாருங்க, காரம் எங்கயும் போகல. காரத்துக்கு ஒரு வெலை இல்லையா?"

என்னிடம் பதில் இல்லை. மேலாளர் நல்ல மனிதர், ஆடி வரை தள்ளிப் போட்டார். ஆடியிலும் முடியவில்லை. ஏலப் பட்டியலில் அந்த அம்மாவின் பெயரை எழுதியது இந்தக் கைதான். வங்கி செய்தது சட்டப்படி சரி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. காரம் அப்படியே இருக்கும்போது நிறம் போனதற்காக எப்படி விலை போகும்? அதற்குப் பதில் தேடிப் போனதில்தான் எனக்கு மிளகாய் தெரிய வந்தது.

எனக்குக் கிடைத்த பதிலை என் பாஷையில் சொல்கிறேன். மிளகாய்க்கு இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று காரக் கணக்கு, மற்றது நிறக் கணக்கு. இரண்டும் தனித்தனி லெட்ஜர். ஒன்றில் வரவு வைத்தால் மற்றதில் ஏறாது.

காரம் தருவது கேப்சைசின் என்ற பொருள். அதற்கு நிறமே கிடையாது. காய்க்குள் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தண்டு இருக்கிறதே, அங்கேதான் அது உற்பத்தியாகிறது. விதையில்தான் காரம் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். விதை அந்த வெள்ளைத் தண்டில் ஒட்டியிருப்பதால் கொஞ்சம் பூசிக்கொள்கிறது, அவ்வளவே. காரம் குறைய வேண்டுமானால் விதையை மட்டும் தட்டிவிட்டால் போதாது, அந்த வெள்ளைப் பகுதியைக் கத்தியால் வழித்து எடுக்க வேண்டும். சிவப்பு நிறம் தருவது கேப்சாந்தின் முதலிய வேறு நிறமிகள். அவை சதையிலும் தோலிலும் இருப்பவை. வெயில், ஈரம், நாட்பட்ட இருப்பு எல்லாம் முதலில் அடிப்பது இந்த நிறத்தைத்தான். ஆக, அந்த அம்மா சொன்னது உண்மை. காரம் எங்கும் போகவில்லை.

ஆனால் வியாபாரி சொன்னதிலும் உண்மை இருந்தது என்பதைப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். நனைந்து, நிதானமாகக் காய்ந்த வத்தலில் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. அது ஈரலைக் கெடுப்பது. நாம் வதக்கினாலும் கொதிக்க வைத்தாலும் முழுதாக அழியாதது. அதனால் வெளுத்த வத்தலைக் கண்டால் பாவம் பார்த்து வாங்குங்கள் என்று நான் உங்களிடம் சொல்ல முடியாது. பத்து சதவீத அளவுக்கு ஈரம் வற்றும்படி காய்ந்ததுதான் பத்திரமாக இருக்கும். கையில் எடுத்து உடைத்தால் சட்டென்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. யாரும் வாங்காத அந்தச் சண்டு வத்தல் எங்கே போகிறது? குப்பைக்கா? விலை குறைவான சரக்கு என்று ஒன்று இருந்தால் அதற்கும் ஒரு வாடிக்கையாளர் இருப்பார். தூளாக அரைத்துவிட்டால் வெளுப்பும் தெரியாது, பூஞ்சையும் தெரியாது. நிறம் மட்டும் குறையும். நிறத்தை வெளியிலிருந்து சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. எல்லோரும் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிவப்பைப் பார்த்தே நாம் வாங்கும்வரை, சிவப்பைப் பூசிக் கொடுக்க ஒருவர் இருப்பார். 2005-ஆம் ஆண்டு பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். காரணம், ஒரு சாஸில் சேர்த்த மிளகாய்த் தூளில் சூடான்-1 என்ற சாயம். மெழுகுக்கும் காலணிப் பாலிஷுக்கும் போடும் சாயம் அது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒரு தேக்கரண்டி தூளை மேலே தூவுங்கள். நிறம் கோடு கோடாக இறங்கினால் தண்ணீரில் கரையும் சாயம் கலந்திருக்கிறது. அடியில் தங்கியதை விரலில் தேய்த்துப் பாருங்கள், நெறுநெறுவென்றால் செங்கல் தூளோ மணலோ இருக்கலாம். ஆனால் சூடான் சாயம் எண்ணெயில் கரைவது. இந்தத் தண்ணீர்ச் சோதனையில் அது பிடிபடாது. அதனால்தான் எங்கள் வீட்டில் முழு வத்தல் வாங்கி, வெயிலில் காய வைத்து, மில்லில் அரைத்துக்கொள்வது என்று வைத்திருக்கிறோம். முன்னால் போனவர் என்ன அரைத்தார் என்பதை மட்டும் கேட்டுவிட்டு நில்லுங்கள். ஒரு முறை எங்கள் சாம்பார்ப் பொடியில் யார் வீட்டுச் சீயக்காயோ கலந்து வந்தது.

முழு வத்தல் வாங்குவதென்றால் பெயர் தெரிய வேண்டும். "மிளகாய் கொடுங்கள்" என்பது, வங்கிக்கு வந்து "கணக்கில் போடுங்கள்" என்பது போல. எந்தக் கணக்கில்?

முதலில் நம் குண்டு. வியாபாரத்தில் இதற்கு முண்டு என்று பெயர். உருண்டை, தடித்த தோல், பளபளப்பு. ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுக்கும். தோல் தடிப்பாக இருப்பதால் தாளிக்கும்போது சட்டென்று கருகாது. காரம் நடுத்தரம், மணம் அதிகம். செட்டிநாட்டுச் சமையலில் தாளிதத்துக்கு இதைத்தான் கேட்பார்கள். தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம், இட்லிப் பொடி, காரக்குழம்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2023 பிப்ரவரியில் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது, பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது சம்பா. கடையில் நீட்டு மிளகாய் என்பார்கள். சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துச் சரக்கு. மெல்லிய தோல், குண்டைவிடக் காரம். பொடிக்கு இது வேண்டும். எங்கள் வீட்டுச் சாம்பார்ப் பொடியில் அரைக் கிலோ மல்லிக்குக் கால் கிலோ மிளகாய். அந்தக் கால் கிலோவில் 150 கிராம் குண்டு, 100 கிராம் சம்பா. இந்தக் கலவை என் மனைவியுடையது. நான் ஒரு முறை கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 125, 125 ஆக வாங்கி வந்து பேச்சு வாங்கினேன். அன்றைய குழம்பில் காரம் முன்னே வந்தது, மணம் பின்னே நின்றது. அவர் சொன்னது சரிதான்.

ஆந்திரச் சரக்கில் குண்டூர் சன்னம், தேஜா இரண்டும் இங்கே நிறைய வருகிறது. குண்டூர் மிளகாய்ச் சந்தை எவ்வளவு பெரியது என்பது ஊரறிந்த விஷயம். தேஜா சிறியது, ஒல்லியானது, காரம் கடுமை. கையளவு குறைத்துப் போடுங்கள். கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டத்து பேடகி இதற்கு நேர் எதிர். சுருக்கம் சுருக்கமாக, பார்க்க வாடியது போல இருக்கும். காரம் குறைவு, நிறமோ கொள்ளை. 2011-இல் புவிசார் குறியீடு பெற்றது. இதிலிருந்து பிரித்தெடுக்கும் சிவப்பு உணவுக்கும் போகிறது, உதட்டுச் சாயத்துக்கும் நகப் பூச்சுக்கும் போகிறது. நான் சொன்ன இரண்டு லெட்ஜருக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. குழம்பு சிவப்பாக வேண்டும், பேரன் அழக் கூடாது என்றால் நாலைந்து பேடகியை ஊற வைத்து அரைத்துச் சேருங்கள். சாயப் பொடி தேவையே இல்லை. காஷ்மீரி மிளகாயும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் காஷ்மீரில் விளைந்தது அல்ல.

காந்தாரி தனி ரகம். நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் மிளகாய் எல்லாம், குடை மிளகாய் உட்பட, ஒரே தாவர இனம். காந்தாரி வேறு இனம். சிறு விரல்நுனி அளவு, வானத்தைப் பார்த்து நிற்கும். கன்னியாகுமரிப் பக்கத்திலும் கேரளத்திலும் வீட்டுக்கு ஒரு செடி இருக்கும். பழைய சோற்றுக்கு இரண்டு காந்தாரியும் நாலு சின்ன வெங்காயமும் கல்லுப்பும் போதும். வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உலகிலேயே காரமான மிளகாய் எது என்று கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். காரத்தை அளக்கும் முறையை 1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் கொண்டுவந்தார். குடை மிளகாய்க்கு அதில் பூஜ்யம். நம் வடகிழக்கின் பூத் ஜொலோகியா 2007-இல் பத்து லட்சத்தைத் தாண்டி கின்னஸில் இடம் பிடித்தது. 2023-இல் அமெரிக்காவின் பெப்பர் எக்ஸ் என்ற ரகம் 26 லட்சத்து 93 ஆயிரம் என்று பதிவாகியிருக்கிறது. இதெல்லாம் சாப்பிடுவதற்கா, சவால் விடுவதற்கா என்று எனக்குப் புரியவில்லை. அந்த மாணவர் இணையத்தில் விதை வாங்கியிருப்பதாகச் சொன்னார். தம்பி, கையுறை போட்டுக்கொள். கண்ணைத் தொடாதே. கையில் எரிந்தால் தண்ணீர் விட்டுக் கழுவிப் பயனில்லை, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடு. வாய் எரிந்தால் பால், தயிர், மோர்.

அந்த எரிச்சல் உண்மையான சூடு அல்ல என்பது எனக்கு வியப்பாக இருந்தது. கொதிக்கும் காபி பட்டால் மூளைக்குத் தகவல் சொல்லும் நரம்பு வாயில் ஒன்று இருக்கிறது. அதே வாயிலை மிளகாயும் தட்டித் திறந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ஆராய்ச்சிக்கு அவர் பயன்படுத்தியதே மிளகாயின் கேப்சைசினைத்தான். பறவைகளுக்கு இந்த எரிச்சல் தெரியாது. நம் மாடியில் மைனாவும் கிளியும் பழத்தைக் கொத்திக்கொண்டு போவதன் ரகசியம் இதுதான்.

ஒரு சின்ன வரலாறு. இது நம் ஊர்க் காய் அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 1498-க்குப் பிறகு போர்ச்சுகீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது. அதற்கு முன் நம் காரம் மிளகு. வந்த காய்க்கு மிளகின் பெயரையே ஒட்டி மிளகாய் என்று வைத்துவிட்டார்கள். திதிச் சமையலில் இன்றும் பல வீடுகளில் மிளகுதான், மிளகாய் கிடையாது. ஐந்நூறு வருடமாகியும் அந்த ஒரு நாளில் மட்டும் அதை உள்ளே விடவில்லை.

இனி மாடிக்கு வருவோம். உங்களில் பலர் காத்திருந்தது இதற்குத்தான் என்று தெரியும். தொட்டிகளால் தளம் கசிகிறது என்று சென்ற ஆண்டு வந்த புகாரை நான் மறக்கவில்லை. மேல் மாடியில் குடியிருப்பவரின் கோபம் நியாயமானது. தொட்டியைத் தளத்தில் நேரடியாக வைக்கக் கூடாது, இரும்புத் தாங்கியோ செங்கல் அடுக்கோ கீழே இருக்க வேண்டும், வடியும் நீருக்குத் தட்டு வேண்டும் என்று செயற்குழு வைத்த நிபந்தனையைத் தயவுசெய்து மதியுங்கள். இன்னொரு புகார் வந்தால் தோட்டமே போய்விடும். மிளகாய்க்கும் அதுதான் நல்லது. இந்தச் செடி காய்ந்து செத்ததைவிட, நின்ற தண்ணீரில் வேர் அழுகிச் செத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் முதல் வருடத்தில் பன்னிரண்டு செடியில் ஒன்பது போனது. காலையும் மாலையும் அன்பாகத் தண்ணீர் ஊற்றியே கொன்றேன்.

ஒரு அடி அகலமும் ஆழமும் உள்ள பை ஒரு செடிக்குப் போதும். செம்மண், மக்கிய தொழு உரம், தென்னை நார்க் கழிவு மூன்றையும் சமமாகக் கலந்துகொள்ளுங்கள். விதை ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். நாற்று ஐந்தாறு வாரம் ஆனதும் மாலை வேளையில் பிடுங்கி நடுங்கள். நட்ட இரண்டரை மாதத்தில் பச்சைக் காய் பறிக்கலாம். விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். சித்திரை வெயிலில் பூ உதிர்ந்தால் பதறாதீர்கள். வெப்பம் மிகுந்தால் பூ உதிர்வது அதன் இயல்பு. பச்சை நிழல்வலை கட்டினால் கொஞ்சம் தாங்கும்.

பெரிய தலைவலி இலைச் சுருட்டை. "இலை சுருண்டுவிட்டது, என்ன அடிக்கலாம்?" என்று வாரம் ஒருவர் கேட்கிறார். எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போல மடிந்திருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டிருந்தால் அது முரணைச் சிலந்தி. இரண்டுமே கண்ணுக்குச் சுலபமாகத் தெரியாதவை. ஆரம்பத்திலேயே லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் அடித்தால் அடங்கும். ஆனால் இலைகள் சிறுத்து, கொத்துக் கொத்தாகக் குட்டையாகிவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். அதற்கு மருந்து இல்லை. பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஆசை ஆசையாக வளர்த்ததாயிற்றே என்று வைத்திருந்தால் பக்கத்துத் தொட்டிக்காரருக்கும் போகும். போன வருடம் அப்படி வைத்திருந்தவன் நானேதான். அந்த மூலையில் நாலு வீட்டுச் செடிகள் போயின.

என் காந்தாரிக்குப் பக்கத்தில் வைத்ததால் தன் பஜ்ஜி மிளகாய் காரமாகிவிட்டது என்று இரண்டாவது மாடி அம்மா ஒருவர் என் மேல் குற்றம் சாட்டியிருந்தார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பக்கத்துச் செடியின் மகரந்தம் வந்தாலும் இந்தச் செடியில் காய்க்கும் காயின் சதையும் அந்த வெள்ளைத் தண்டும் தாய்ச் செடியுடையவை. அதனால் இந்தக் காய் மாறாது. மாறுவது உள்ளே இருக்கும் விதை. அதை விதைத்தால் அடுத்த தலைமுறையில்தான் குட்டு வெளிப்படும். விசாரித்ததில், அந்த அம்மா போன வருடத்துக் காயிலிருந்து எடுத்த விதையைத்தான் போட்டிருக்கிறார். ஆக, என் செடி குற்றவாளிதான், ஆனால் குற்றம் நடந்தது சென்ற நிதியாண்டில். காந்தாரியோடுதான் சேர்ந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த வரிசையில் குண்டும் சம்பாவும் இருந்தன.

விதை எடுப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். எந்தச் செடியில் விதை வேண்டுமோ அதில் ஒரு கிளைக்குப் பூ விரியும் முன்பே மெல்லிய வலைத்துணிப் பையைக் கட்டிவிடுங்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். காலையில் கிளையை லேசாக ஆட்டிவிட்டால் போதும். காய் பிடித்ததும் பையை அவிழ்த்துவிட்டு, அந்தக் காய்க்கு மட்டும் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நன்றாகச் சிவந்து பழுத்தபின் பறித்து, விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து காகிதப் பொட்டலத்தில் கட்டுங்கள். ரகமும் தேதியும் எழுதுங்கள். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையில் விளைந்த காயிலிருந்து விதை எடுத்தால் தாயைப் போல வராது. நாட்டு ரகங்களிலும், கோவில்பட்டி, பாலூர் போன்ற ஆராய்ச்சி நிலையங்கள் தேர்ந்து கொடுத்த ரகங்களிலும் எடுக்கலாம்.

என்னிடம் இருக்கும் குண்டு விதை, அந்த ஊரிலிருந்து மாற்றலாகி வரும்போது கொண்டுவந்ததன் வழியில் வந்ததுதான். விதை எடுக்கத் தெரியாமல் நடுவில் இரண்டு முறை தொலைத்துவிட்டேன். அந்த ஊரிலேயே இருந்துவிட்ட பழைய கடைநிலை ஊழியர் ஒருவர் கேட்டதும் மறுபடி அனுப்பினார். கடைசியாகக் கேட்டபோது, தன் பங்காளிகளில் பாதிப்பேர் இப்போது மிளகாய் விதைப்பதில்லை என்றார். பறிக்க ஆள் இல்லை, நிலத்தைக் கருவேலம் பிடித்துவிட்டது என்றார். அந்த அம்மாவைப் பற்றியும் கேட்டேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறதாம். மகன் திருப்பூரில் இருக்கிறாராம்.

மாட்டுத்தாவணியோ கோயம்பேடோ, நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் கடைக்காரரிடம் "ராமநாதபுரம் குண்டு இருக்கிறதா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது வாரம் மூட்டை வந்து இறங்கும். கடைக்காரர்கள் வட்டிக் கணக்கைவிட வேகமாகக் கற்றுக்கொள்பவர்கள். கிலோவுக்கு இருபது, முப்பது ரூபாய் கூடுதலாக இருக்கலாம். கால் கிலோ ஒரு வீட்டுக்கு எத்தனை நாள் வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கூட்டத்தில் விநியோகித்தது போக நாற்பது விதைப் பொட்டலம் மீதி இருக்கிறது. குண்டு இருபத்தைந்து, காந்தாரி பதினைந்து. ஒவ்வொன்றிலும் இருபது விதை. முன்வாயில் காவலர் அறையில் வைத்திருக்கிறேன், விலை இல்லை. பதிவேட்டில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தி, பதிவேடு இல்லாமல் எனக்கு எதையும் கொடுக்க வராது. ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் மண்ணைக் கலந்து ஆற வையுங்கள். தைக்கு மேல் பழுத்ததும், பெயர் எழுதியவர்கள் தலைக்குப் பத்துப் பழமாவது விதைக்கென்று என்னிடம் திருப்பித் தர வேண்டும். வட்டி கிடையாது. தவணை தாண்டினால் ஏலமும் கிடையாது.